உப்புத்தாள் படாத டிப்

எங்கள் கிளப்பில் எட்டுப் பந்து பில்லியர்ட்ஸ் விளையாட மூன்று மேசைகள் உண்டு. ஒன்றின் துணி கிழிந்து, ஒட்டுப் போட்டு, அந்த ஒட்டும் கிழிந்துவிட்டது. சுவரில் விதி என்று எதையும் எழுதி மாட்டவில்லை. ஆனால் ஒரு வழக்கம் எல்லோருக்கும் தெரியும். அவரவர் ஃபவுலை அவரவரே சொல்லிவிட வேண்டும். சட்டைக் கை பந்தில் உரசியதை எதிராளி பார்க்காவிட்டாலும், கையைத் தூக்கி "என் ஃபவுல்" என்று சொல்லி விலகிவிட வேண்டும். நடுவர் வைத்துக்கொள்ள எங்களுக்கு வசதியும் இல்லை, பொறுமையும் இல்லை.

நான் லிஃப்ட் மெக்கானிக். கிளப்பில் என் பெயரே 'லிஃப்ட்டு'தான். ஆட்டத்தில் சுமார் ரகம். ஆனால் பந்தை அடிக்கும் கோலான க்யூவின் முனையில் இருக்கும் தோல் டிப்பை மாற்ற வேண்டுமென்றால் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். பழைய தோலைச் சுரண்டிவிட்டுப் புதியதை ஒட்டி, ஓரத்தைச் சீவி, கடைசியில் உப்புத்தாளால் தேய்த்துத் தருவேன். அந்தத் தேய்ப்புதான் உயிர். புதுத் தோல் வழவழவென்று இருக்கும். அதைச் சொரசொரப்பாக்காவிட்டால் சுண்ணக்கட்டி ஒட்டாது, டிப் பந்தில் வழுக்கிவிடும். நான் தந்த டிப்பை யாரும் விரலால் தடவிப் பார்ப்பதில்லை. தடவிப் பார்த்தால் அது எனக்கு மரியாதைக் குறைவு என்று ஆகிப்போயிருந்தது. வீட்டில்கூட எனக்கு இவ்வளவு மரியாதை கிடையாது.

எங்கள் டீமில் ஆடும் சலூன் கடை அண்ணனுக்கு ஏழு மாதங்களுக்கு முன் லேசான பக்கவாதம். வலது கை விழுந்து, மெல்ல மெல்ல எழுந்தது. கடை பூட்டியே கிடந்தது. அந்த இடத்தில் செல்போன் கடை வைக்க அண்ணியின் தம்பி தயாராக நின்றான். அண்ணன் தனக்குத்தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் பக்கத்துக் கிளப்போடு எங்களுக்குப் போட்டி.

"அதுல கை ஒழுங்கா நின்னா கடையைத் திறக்கிறேன். இல்லேன்னா திங்கக்கிழமை மச்சான்கிட்ட சாவியைக் குடுத்துடுறேன். அடுத்தவன் கழுத்துல கத்தி வைக்கிற தொழில்டா இது. குருட்டு நம்பிக்கையில செய்ய முடியாது" என்றார்.

புது டிப் போடச் சொல்லிச் சனிக்கிழமை க்யூவைத் தந்தார். அன்று என்னோடு வேலை பார்ப்பவன் லீவு. அவன் ஷிஃப்டையும் நானே பார்த்தேன். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் ஒரு குடும்பமே இருந்து என்னைத் திட்டியது. வீட்டுக்கு வந்து, கண் செருகச் செருக டிப்பை ஒட்டினேன், ஓரம் சீவினேன். பசை காயட்டும், காலையில் தேய்த்துக்கொள்ளலாம் என்று வைத்தேன். விடிந்ததும் ஆபீஸிலிருந்து மறுபடி போன். போகிற வழியில் க்யூவை அண்ணியிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். தேய்ப்பது சுத்தமாக மறந்துபோயிற்று.

மதியம் நான் கிளப்புக்குள் நுழைந்தபோது ஆட்டங்கள் இரண்டுக்கு இரண்டு என்று நின்றன. கடைசி ஆட்டம் அண்ணனுடையது. நன்றாகத்தான் குனிந்தார், நன்றாகத்தான் குறி பார்த்தார். முதல் முறை க்யூ வழுக்கியபோது சிரித்தார். இரண்டாவது முறை தன் கையைத் திருப்பிப் பார்த்தார். கடைசியில் இருவருக்கும் எட்டாம் நம்பர் கறுப்புப் பந்து மட்டும் பாக்கி; அதைப் போடுபவருக்குத்தான் வெற்றி. பாக்கெட்டிலிருந்து இரண்டு சாண் தூரம். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். க்யூ மூன்றாவது முறையாக வழுக்கியது. வெள்ளைப் பந்து கறுப்பைத் தொடாமல் பக்கவாட்டில் உருண்டு போனது.

எல்லோரும்தான் பார்த்தோம். அவர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் கையைத் தூக்கி, "என் ஃபவுல்" என்றார். எதிராளி கறுப்பைப் போட்டு முடித்தான்.

"பரவாயில்லண்ணே, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார் டீச்சர். கணக்கு டீச்சர், எங்கள் டீமின் கேப்டன்.

"அடுத்த தடவைன்னு ஒண்ணு இல்ல டீச்சர்." அண்ணன் க்யூவை என் கையில் வைத்தார். "இதை நீயே வச்சுக்கோ."

அவர் போன பிறகு ஏதோ நினைப்பில் டிப்பைத் தடவினேன். கண்ணாடி மாதிரி இருந்தது. வேறு யாராக இருந்தாலும் முதல் வழுக்கலிலேயே டிப்பைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள். அவர் தன் கையைச் சந்தேகப்பட்டார், என்னைச் சந்தேகப்படவில்லை.

பத்து முறை அடித்துப் பார்த்தேன். நாலு முறை வழுக்கியது. உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி பத்து முறை அடித்தேன். ஒன்றுகூட வழுக்கவில்லை.

டீச்சர் பார்த்துக்கொண்டே நின்றார். "அவர்கிட்ட சொல்லப் போறீங்களா?"

"சொல்ல வேணாமா?"

"யோசிச்சுக்குங்க. பத்துல நாலுதான் வழுக்குது. அவருக்கு மூணு வழுக்கிச்சு. எல்லாமே டிப்புதான்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா? நீங்க சொன்னதை நம்பிக் கடையைத் திறந்து, நாளைக்கு யார் கழுத்தையாவது கீறிட்டா?"

வீடு வரைக்கும் அந்தக் கேள்வியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊருக்கும் பாதுகாப்பு, என் பெயருக்கும் பாதுகாப்பு. படுத்தால் தூக்கம்தான் வரவில்லை. அசதியில் உடம்பு வலித்தது, கண் மட்டும் மூட மாட்டேன் என்றது.

திங்கட்கிழமை காலை க்யூவை எடுத்துக்கொண்டு சலூனுக்குப் போனேன். அண்ணன் துண்டுகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மேஜைமேல் சாவி இருந்தது. மச்சான் பத்து மணிக்கு வருவதாகச் சொன்னார். உட்காரக்கூட எனக்குத் தோன்றவில்லை. கையைத் தூக்கினேன்.

"என் ஃபவுல்ணே. டிப்பைத் தேய்க்காமக் குடுத்துட்டேன். மறந்துட்டேன்."

அவர் ஒரு துண்டை மடித்து முடித்தார். "மூணுமே டிப்பா?"

அங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. "ரெண்டுன்னு வச்சுக்கலாம். மூணாவது... தெரியலண்ணே. சத்தியமாத் தெரியல."

"தெரியாது" என்று அவரும் சொன்னார். பிறகு அடுக்கி வைத்த துண்டுகளில் மேலே இருந்ததை எடுத்து உதறினார். "உக்காரு."

"எங்க?"

"வேற எங்க? நாற்காலியிலதான். நீதானே வழுக்க வச்சே, உன் கழுத்துலயே பாத்துடலாம்."

உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய? நாற்காலியைச் சாய்த்தார், நுரை தடவினார். கத்தி கன்னத்தில் பட்டதும் பயமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். இரண்டு இழுப்பு, மூன்று இழுப்பு. நுரை வெதுவெதுப்பாக இருந்தது, சாய்வு சுகமாக இருந்தது. அதற்கப்புறம் நடந்தது எனக்குத் தெரியாது.

ஈரத் துண்டு முகத்தில் பட்டு விழித்தேன்.

"தூங்கிட்டியேடா" என்றார். "கத்தி கழுத்துல இருக்கு, நீ குறட்டை விடுற."

"ரெண்டு நாளா ஒழுங்காத் தூங்கலண்ணே."

கண்ணாடியில் பார்த்தேன். முகம் சுத்தமாக இருந்தது. இடது காதுக்குக் கீழே மட்டும் கடுகளவு ரத்தம். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் வலது கையைத் தூக்கிவிட்டார்.

"என் ஃபவுல்."

"நான் தூக்கத்துல அசைஞ்சிருப்பேண்ணே."

"அசையல. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

வாசலில் மச்சானின் பைக் சத்தம் கேட்டது. அண்ணன் சாவியை எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "முடி மட்டும் வெட்டுறேன். கத்தி இப்போதைக்கு வேணாம். ரெண்டு மாசம் கழிச்சு நீ வந்து மறுபடி உக்காரு."

"உக்கார்றேண்ணே."

"க்யூ எங்க?"

சுவரில் சாய்த்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். என் முகத்துக்கு நேரே, கட்டை விரலால் டிப்பை மெதுவாகத் தடவினார். ஒரு தடவை தடவிவிட்டு இன்னொரு தடவையும் தடவினார்.

"ம், சரியா இருக்கு" என்றார்.

இத்தனை வருடத்தில் யாரும் செய்யாத காரியம். என் முகம் சுண்டிப்போனது. புதிதாகச் சவரம் செய்த முகம், மறைக்கவும் வழியில்லை.