அலைகள் தூங்காத பக்கம்

சான் லிபெராலே தீவின் தெற்குக் கரையில் அலைகள் தூங்க ஆரம்பித்தது, நோயெமி அங்கே புல் நட்ட இரண்டாவது வருடம். வெனிஸ் காயலில் கடல் ஓதம் ஏறும்போது மற்ற இடங்களில் கரையை அறைகிற அதே அலைகள், அவளுடைய சதுப்புக்குள் நுழைந்ததும் நடை தளர்ந்து, புல்லிடுக்கில் சுருண்டு படுத்துக்கொண்டன. ஓதம் வற்றத் தொடங்கியதும் எழுந்து, ஒருவரையும் தொந்தரவு செய்யாமல் திரும்பிப் போயின. ஒன்றிரண்டு லேசாகக் குறட்டையும் விட்டன. பாதுவா பல்கலைக்கழகத்துக்கு எழுதிய அறிக்கைகளில் நோயெமி இதை 'அலை ஆற்றல் தணிவு' என்று குறிப்பிட்டாள். நாங்கள் தூக்கம் என்றோம். இரண்டும் ஒன்றுதான் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

கல்சுவர் எழுப்பாமல், அழிந்துபோன உவர்ச் சதுப்பை மறுபடி வளர்த்தே கரையைக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. கழிகளை அடித்து, சுள்ளிக் கட்டுகளை வரிசையாகப் பதித்து, சேற்றை நிரப்பி, உமரிச் செடியும் உப்புப்புல்லும் நட்டாள். ஆனால் ஆராய்ச்சி என்றால் ஒப்பீடு வேண்டும். கரையில் ஒரு பாதியில் நட வேண்டும், மறுபாதியை வெறுமனே விட வேண்டும். ஒரு பாதிக்குப் பின்னால் மட்டி அள்ளும் நேவியோவின் வீடு. மறுபாதிக்குப் பின்னால், படகுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற எர்சீலியாவின் வீடு. நாணயம் சுண்டிப் பார்த்ததில் எர்சீலியா தோற்றாள்.

"அவனுக்கு மெத்தை, எனக்கு மொட்டைத் தரையா?" என்றாள். "சரி, எழுதிக்கோ. சொன்ன வார்த்தையிலேர்ந்து நான் பின்வாங்க மாட்டேன்."

பின்வாங்கவும் இல்லை. தன் பக்கத்தை அவள் மகா கௌரவமாக எடுத்துக்கொண்டாள். புதிதாக யார் வந்தாலும் "நான்தான் ஒப்பீடு" என்று கை கொடுத்தாள். நோயெமிக்குத் தன் மாடியறையை வாடகைக்கு விட்டதும், பிறகு வாடகை கேட்க மறந்ததும் அவள்தான். நேவியோவோ தூங்கும் அலைகளை எழுப்பாமல் இருக்க மோட்டாரை அணைத்துவிட்டுத் துடுப்புப் போட்டு வந்தான். வரும்போதே வம்பிழுப்பான்: "சியோரா எர்சீலியா, கொஞ்சம் மெதுவாத் திட்டுங்க. என் பக்கம் தூங்குதுங்க."

எர்சீலியாவின் பக்கத்தில் படுக்க இடம் கிடைக்காத அலைகள், தூக்கம் கெட்ட யாரையும் போலவே எரிச்சலாக இருந்தன. முதலில் அத்திமரத்தைக் கொண்டுபோயின. பிறகு கோழிக்கூண்டை. மூன்றாவது வருடம் சமையலறைக்குள்ளேயே வந்துவிட்டன. அவற்றில் ஓர் அலை, கடல் ஊருக்குள் ஏறுகிற ஒவ்வொரு பெருநீருக்கும் தவறாமல் வந்து, மேசையைச் சுற்றி, அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுப் போகும். எர்சீலியா அதைத் திட்டிக்கொண்டே தரையைத் துடைப்பாள். சுவரில் விரிசல் விட்டது. நகராட்சியிலிருந்து வந்த ஆள் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, வருகிற குளிர்காலத்தை இந்த வீடு தாண்டாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆராய்ச்சி முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. அந்தப் பாதியிலும் நட்டுவிடலாம் என்று நோயெமி கெஞ்சினாள். "பட்டத்தை வாங்கு, அப்புறம் நடு" என்றாள் எர்சீலியா. அதற்கு மேல் பேச விடவில்லை. நோயெமிக்கு மிஞ்சிய ஒரே நம்பிக்கை விதைதான். நேவியோ பக்கத்து உமரி விதைகள் ஓதத்தோடு மிதந்து வந்து இந்தப் பக்கம் தானாக முளைத்தால், அது கடலின் வேலை. பேராசிரியராலும் குறை சொல்ல முடியாது. வசந்தம் முழுக்க அவள் காத்திருந்தாள். ஒரு முளைகூடக் கண்ணில் படவில்லை. அந்த மண் ஏன் விதையை ஏற்க மறுக்கிறது என்று வேறு வழியில்லாமல் ஓர் அத்தியாயமே எழுதினாள். அவள் எழுதியதிலேயே சிறந்தது அதுதான் என்றார் பேராசிரியர்.

அவர் அப்படிச் சொன்ன அன்று எர்சீலியா விருந்து வைத்தாள். சோளக் களி, வறுத்த மீன், வசந்தம் முழுக்க அடிக்கடி மேசைக்கு வந்த, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் போட்டுப் புரட்டிய இளம் உமரி. நோயெமி இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிடும்போதுதான் கேட்டாள்.

"இது நேவியோ பக்கம் பறிச்சதா?"

"உன் செடியில நான் கை வைப்பேனா?" எர்சீலியாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இது நம்ம பக்கம் முளைச்சது. தினம் விடிஞ்சதும் போய்ப் பிடுங்கிடுவேன். முளைக்க விட்டா உன் ஒப்பீடு என்னத்துக்கு ஆகும்?"

தன் வீட்டைக் காப்பாற்ற வந்த செடிகளை அவளே பிடுங்கியிருக்கிறாள். நோயெமியும் வசந்தம் முழுக்க அவற்றைப் பூண்டோடு சாப்பிட்டிருக்கிறாள். முள்கரண்டியைக் கீழே வைக்காமலே அழுதாள் நோயெமி. அழுதுகொண்டே சாப்பிட்டாள், ஏனென்றால் நன்றாக இருந்தது.

அடுத்த முறை ஓதம் வற்றியதுமே கழிகளைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். எர்சீலியா வாசலில் நின்று கத்தியது தீவு முழுக்கக் கேட்டது.

"பைத்தியக்காரி, ஏறி வா! மூணு வருஷமா நான் தண்ணி தள்ளினது இதுக்கா?"

"இந்த வீடு போயிட்டா நான் எங்க சாப்பிடுறது சியோரா?"

"பாதுவால ஓட்டலே இல்லையா?"

"இருக்கு. அங்க நீங்க இல்லையே."

எர்சீலியா மூக்கைச் சிந்திவிட்டு, ரப்பர் பூட்சைத் தேடி உள்ளே போனாள். நேவியோ படகு நிறையச் சுள்ளிக் கட்டு கொண்டு வந்தான். அன்று ஒரு வார்த்தை வம்பு பேசவில்லை.

பட்டம் இரண்டு வருடம் தள்ளிப்போனது. சிறந்த அத்தியாயத்தைக் கிழித்துப் போட வேண்டியிருந்தது. ஒப்பீடு இல்லாத ஆராய்ச்சி ஆராய்ச்சியே அல்ல என்று கண்டிக்கப் பேராசிரியரே படகேறி வந்தார். எர்சீலியா அவரை உட்காரவைத்துச் சோறு போட்டாள். என்ன நடந்ததோ அதையே முதலிலிருந்து எழுதிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டுப் போனார். நோயெமி எழுதினாள், பிடுங்கியது யார், சாப்பிட்டது யார் என்பது உட்பட. அதற்குத்தான் கடைசியில் பட்டம் கொடுத்தார்கள்.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. எர்சீலியா பக்கம் நட்ட அந்த வருடமே, நவம்பரில், கடலைக் காயலுக்குள் தள்ளுகிற சிரோக்கோ காற்று மூன்று நாள் விடாமல் அடித்தது. பெருநீர் எச்சரிக்கைச் சங்கு ஊதியது. எர்சீலியா நாற்காலிகளை மேசைமேல் ஏற்றினாள். நோயெமி பாத்திரங்களை மாடிக்குக் கொண்டுபோனாள். இருவரும் விரிசல் விட்ட சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு கதவிடுக்கில் அந்தப் பழைய அலை மட்டும் வந்தது. மேசையைப் பாதி சுற்றியது. அலமாரி வரைக்கும் போகவில்லை. வழியெல்லாம் புது உமரியில் உரசி வந்ததில் அதற்குக் கண் செருகியிருந்தது. மேசைக்கடியில் சுருண்டு, ஒரு பெருமூச்சு விட்டு, படுத்துவிட்டது.

எர்சீலியா துடைப்பத்தைச் சுவரோரமாகச் சாய்த்தாள். இன்னொரு சின்ன அலை வாசற்படியில் தலை நீட்டுவதைப் பார்த்து, உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவா வாடி" என்றாள். "உங்கக்கா இப்பத்தான் கண்ணசந்தா."

பிறகு படுத்திருந்ததைத் தாண்டிப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.