ஐம்பத்திரண்டு சதவீதம்

தம்பியின் வலது கை இப்போதெல்லாம் சொன்ன பேச்சைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கேட்கிறது. கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டியவன். அடுக்கிலிருந்து சரிந்த பெட்டி தலையில் விழுந்து எட்டு மாதம் ஆகிறது. எட்டு மாதமும் அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சக்காரி என்று சொந்தக்காரர்கள் பேசியது காதில் விழுந்தபோதும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவள் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவள். அங்கே மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டவர்கள் வெளியே வந்து கன்னத்தைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். அவளுக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது.

கை பழக ஏதாவது விளையாடட்டும் என்றார் பிசியோதெரபிஸ்ட். சின்ன வயதில் இருவரும் டிவியில் மாட்டி ஆடிய கேம் ஒன்று உண்டு. இடிந்துகொண்டே போகும் பாலத்தில் ஒருவன் தாவித் தாவி ஓட வேண்டும். அதில் தம்பி சூரப்புலி. அக்கா தோற்கும்போதெல்லாம், "என் உயிர்ல ரெண்டு எடுத்துக்கோயேன்" என்று வெறுப்பேற்றுவான்.

அந்த கேம் பெட்டி எப்போதோ கெட்டுப்போய்விட்டது. கம்ப்யூட்டரிலேயே அந்த கேமை ஓட்டும் எமுலேட்டரை இறக்கி, மூலையில் தூசி படிந்து கிடந்த கம்ப்யூட்டரில் போட்டாள். அதன் பிராசஸருக்கு வயது பதினைந்து. தன் வேலையையும் பார்த்துக்கொண்டு இன்னொரு பெட்டியாகவும் நடி என்றால் அது என்ன செய்யும், பாவம். மூச்சு வாங்கியது. பாலத்தில் ஓடுகிறவன் தண்ணீருக்குள் நடப்பவன்போலத் தாவினான். திரையின் மூலையில் 52% என்று வேகம் தெரிந்தது.

சரிப்பட்டு வராது என்று அணைக்கப் போனாள். அதற்குள் தம்பி பொத்தானை அழுத்திவிட்டான். கை தாமதமாகத்தான் போனது. பாலமும் தாமதமாகத்தான் இடிந்தது. ஆள் அந்தப் பக்கம் போய் நின்றான்.

"பாத்தியா, கை திரும்பிடுச்சு" என்றான் தம்பி.

"ஆமாடா" என்றாள் அக்கா.

அன்றைக்கே ஒரு துண்டு வெள்ளைப் பிளாஸ்திரியை வெட்டி அந்த 52-இன் மேல் ஒட்டினாள். கேமில் வரும் பாட்டும் இழுத்து இழுத்துக் கேட்டது. அது காட்டிக்கொடுத்துவிடுமே என்று ஸ்பீக்கர் ஒயரையும் உருவிவிட்டாள். திரையில் கீறல், ஸ்பீக்கர் ரிப்பேர் என்று அவனிடம் அளந்தாள். கேமை ஆடி இருபது வருஷம் ஆயிற்று, பழைய வேகம் அவனுக்கு நினைவிருக்காது என்று நம்பினாள். பொய் சொல்லும்போதாவது நெஞ்சு படபடக்குமா என்று பார்த்தாள். அதுவும் இல்லை. அவன் தினமும் ஆடினான், ஜெயித்தான், ஒழுங்காகச் சாப்பிட்டான்.

அவள் வீட்டுக்காரர் நல்ல மனிதர். சொல்லாமல் கொள்ளாமல் உதவி செய்துவைக்கிற ரகம், அதுதான் ஆபத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் காய் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள், புதுக் கம்ப்யூட்டரும் புதுத் திரையும் மாட்டி, எமுலேட்டரையும் ஏற்றிவிட்டார். பழையது பழைய சாமான் வண்டியில் போயாயிற்று.

"மாப்ள, இது பறக்கும் பாரு" என்றார்.

பறந்தது. பாட்டு கணீரென்று கேட்டது. மூலையில் 100%. தம்பியின் விரல் இறங்குவதற்குள் பாலம் இடிந்து ஆள் விழுந்தான். மறுபடியும் விழுந்தான். மூன்று உயிரும் ஒரு நிமிடத்தில் போயின. வீட்டுக்காரர் முகம் சுருங்கிப்போய், டீ போடுகிறேன் என்று உள்ளே நழுவினார்.

அக்கா காய்கறிப் பையோடு நின்றாள். புதுசில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிடலாம். அதற்குள் தம்பி கேட்டான்.

"அக்கா, இதுல வேகத்த குறைக்க முடியுமில்ல?"

"முடியும்."

"அம்பத்திரெண்டுல வை."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படா பாத்த?"

"நீ ஒட்டுன அன்னிக்கே. இந்தக் கைய வெச்சு அதப் பிரிக்க அரை மணி நேரம் ஆச்சு. கோணாம திரும்ப ஒட்ட ஒரு மணி நேரம்."

அவள் பையைக் கீழே வைத்தாள். வேகத்தை ஐம்பத்திரண்டுக்கு இறக்கினாள்.

"பிளாஸ்திரி இருக்கா?" என்றான்.

கைப்பையில் இருந்தது. ஒரு துண்டு வெட்டி அந்த எண்ணின் மேல் ஒட்டினாள். பிளாஸ்திரியின் ஓரம் கொஞ்சம் தூக்கி நின்றது. தம்பியின் கட்டைவிரல் மெதுவாக வந்து அதை அழுத்திவிட்டது.

"ஸ்பீக்கர் ஒயரையும் உருவிடு" என்றான்.

உருவினாள். பாட்டு நின்றது. பாலம் மெதுவாக இடியத் தொடங்கியது, அவன் தாவினான். அக்கா கையில் ஒயரோடு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.