வாரம் மூன்று நாள்

பிரேக்கை மிதித்த பிறகுதான் முன்னால் நின்ற லாரி அவருக்குச் சரியாகத் தெரிந்தது. ஒரு முழம் மிச்சம். மடியில் இருந்த கைபேசி காலடியில் விழுந்து, மச்சான் அனுப்பிய வேடிக்கை வீடியோவைத் தன்பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தது.

பின் இருக்கைப் பக்கம் திரும்பினார். அவர் மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் தையல்காரம்மா இடது கையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். சிறுநீரகம் பழுதானதால் ரத்தச் சுத்திகரிப்புக்கு ஊசி குத்தும் கை.

"இடிச்சிருச்சாம்மா?"

"ஒண்ணுமில்ல. நீங்க ரோட்டப் பாருங்க."

முப்பத்தொரு வருஷம் பேருந்து ஓட்டி, வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று போகிற இடமெல்லாம் மார்தட்டியவர். ஓய்வுபெற்ற பின் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், நோயாளிகளை இலவசமாக மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் தொண்டு அமைப்பில் சேர்ந்தார். முதல் நாள் அங்கே பாதுகாப்பு விதிகளைப் படித்துக் காட்டியபோது கொட்டாவி விட்டார். சம்பளத்துக்கு ஓட்டிய காலத்தில் கைபேசியைத் தொடவே பயம். சும்மா ஓட்டுகிறவனை யார் கேட்கப்போகிறார்கள்?

மருத்துவமனையில் நர்ஸ் கையின் வீக்கத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "எப்படி ஆச்சு?"

ஓட்டி வந்தவர் வாய் திறப்பதற்குள் தையல்காரம்மா முந்திக்கொண்டார். "வீட்டுல கதவுல இடிச்சுக்கிட்டேன்."

"பாத்து நடக்க மாட்டீங்களா? இந்தக் கை போச்சுன்னா ஊசிய எங்க குத்துறது?"

தையல்காரம்மா தலைகுனிந்து திட்டு வாங்கினார். ஓட்டி வந்தவர் சுவரோரம் ஒதுங்கி நின்றார். தன்மேல் இத்தனை இரக்கமா என்று நெஞ்சு இளகக்கூடச் செய்தது.

நர்ஸ் மருத்துவரைக் கூப்பிடப் போனதும் தையல்காரம்மாவிடம் குனிந்து கேட்டார். "ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"உங்க வண்டியும் இல்லன்னா எனக்கு யாருண்ணே இருக்கா? வாரம் மூணு நாள் வரணுமே."

இரக்கமில்லை, பயம். அவருக்குக் காது மடல் வரை சுட்டது.

மருத்துவர் வந்ததும் சொன்னார். "கதவு இல்லைங்க டாக்டர். நான்தான். போனைப் பாத்துக்கிட்டே ஓட்டினேன்." சொல்லும்போது தையல்காரம்மாவின் பக்கம் கண்ணைத் திருப்ப முடியவில்லை. அமைப்புக்கும் அழைத்துச் சொன்னார். அங்கே முழுசாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு, "இனிமே நீங்க ஓட்ட வேணாம். அவங்களுக்கு வேற ஆள் அனுப்புறோம்" என்றார்கள்.

மாலையில் புது ஓட்டுநர் வந்தார். ஓட்டத் தெரிந்த ஆள்தான், கண்ணாடிகளையெல்லாம் சரிபார்த்தார். கட்டுப்போட்ட கையோடு தையல்காரம்மா ஏறி உட்கார்ந்தார். வண்டி இன்னும் கிளம்பவே இல்லை. அதற்குள் வலது கையால் கதவுக்கு மேலிருந்த பிடியை, விரல் நுனிகள் வெளுக்கும்படி, இறுகப் பற்றிக்கொண்டார்.