நூறு வரை எண்ணியவர்

“மருந்து அந்தப் பக்கம் இருக்கு. இருமல் இந்தப் பக்கம் இருக்கு. நடுவுல நீங்க எதுக்கு நிக்கிறீங்க?”

ஏழு வயதில் ஒதெத் இப்படிக் கேட்டது பாலத்தில் காவல் நின்ற சுங்கக்காரர் கெர்வெல்லாவிடம். 1947ஆம் வருடக் குளிர்காலம். ஏரியில் போய் விழும் ஆற்றின் இந்தக் கரை பிரான்ஸ், அந்தக் கரை சுவிஸ். ஊர் ஒன்றுதான், பெயரும் ஒன்றுதான். கோவிலும் கல்லறைத் தோட்டமும் இந்தக் கரையில் இருந்தன, மருந்துக்கடை அந்தக் கரையில். தம்பி எமீல் வீட்டில் மூச்சு விட முடியாமல் இருமிக்கொண்டு கிடந்தான். அவன் படுக்கையை விட்டு அம்மாவால் நகர முடியவில்லை. அப்பா சிறையில் இருந்தார். மீன்வலைக்கு அடியில் அவர் ஒளித்துக் கடத்திவந்த காப்பி மூட்டையைப் படகில் கண்டுபிடித்து, அவரை அங்கே அனுப்பியவரும் இதே கெர்வெல்லாதான்.

அவர் அவளுடைய கோட்டுப் பையிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்தார். ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். வரி கட்டாத சரக்கு. பிடுங்கி வைத்துக்கொள் என்றுதான் சட்டம் சொல்லியது. அவர் குப்பியைப் பைக்குள் திரும்ப வைத்துப் பொத்தானைப் போட்டார். பிறகு குனிந்து, அவிழ்ந்து கிடந்த அவள் பூட்ஸ் கயிற்றையும் முடிந்துவிட்டார்.

“பாப்பா, நான் கொஞ்ச நேரம் ஏரியைப் பாக்கணும். நூறு வரைக்கும் எண்ணுவேன். திரும்பிப் பாக்கறப்போ பாலத்துல யாரும் இருக்கக் கூடாது.”

“எனக்கு வேகமா ஓட வராது.”

“நான் மெதுவாத்தான் எண்ணுவேன். ஆனா ஒண்ணு, இதை யார்கிட்டயும் சொல்லிடாத.”

ஒரு குப்பி ஒரு வாரத்துக்கு வந்தது. பள்ளிக்கூடம் இல்லாத வியாழக்கிழமைகளில் அவள் போய் வந்தாள். ஐந்து வியாழன்கள், ஐந்து தடவையும் கெர்வெல்லா ஏரிப் பக்கம் திரும்பி நின்றார். ஆறாவது வியாழன் எமீல் எழுந்து உட்கார்ந்து சூப் கேட்டான்.

ஒதெத் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல முடியாதபடியும் ஆகிவிட்டது. அப்பா திரும்பி வந்த பிறகு அந்த வீட்டில் கெர்வெல்லா என்ற பெயருக்கே இடமில்லை. அப்பாவைப் போல ஊரில் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேருக்கு அவர் மேல் கோபம் இருந்தது. அவர் பிரான்சின் மேற்குக் கோடியில் பிரித்தானிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். கல்யாணம் ஆகாதவர். 1961இல் இறந்தபோது சொந்தமென்று யாரும் வரவில்லை. சுங்கக்காரர்கள் நாலு பேர் பெட்டியைச் சுமந்தார்கள், அதில் இரண்டு பேர் அந்தக் கரைக்காரர்கள். கல்லறை இடத்துக்கும் அவர்களே பணம் போட்டார்கள். ஒதெத் ஜன்னல் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று சாப்பாட்டு மேசையில் அப்பா சொன்னார்: “பொட்டிக்குள்ள காப்பிக்கொட்டை இருக்கான்னு சோதிச்சுப் பாத்தாங்களாமா?”

எல்லோரும் சிரித்தார்கள். எமீலும் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு உள்ளங்காலில் தைத்த முள் மாதிரி அவளுக்குள்ளேயே தங்கிவிட்டது. நடக்கலாம், வேலை பார்க்கலாம். சில இடங்களில் மிதிக்கும்போது மட்டும் வலிக்கும்.

நாற்பத்தேழு வருடம் கழித்து, 2008இல், அப்படியொரு இடத்தை அவள் மிதிக்க வேண்டி வந்தது. அப்போது அவள் ஊராட்சியில் துணை மேயர். கல்லறைத் தோட்டம் அவள் பொறுப்பு. இரண்டு கரையிலிருந்தும் இறந்தவர்கள் வந்து சேர்ந்து இடம் நெருக்கடியாகிவிட்டது. கவனிப்பாரில்லாத பழைய கல்லறைகளைப் பட்டியல் எடுக்க வேண்டும் என்று மேயர் பஸ்தியேன் சொன்னான். அவன் நாற்பது வயதுக்காரன். காலையில் ஊரில் பாதிப் பேரைப் போல எல்லை தாண்டி வேலைக்குப் போய்விட்டு, மாலையில் மேயராக இருப்பவன். பட்டியல் எடுக்கப் போனபோது கூடவே வந்தவன் ஊராட்சியில் தெருவையும் தோட்டத்தையும் பார்த்துக்கொள்ளும் ராவுல்.

பதினோராவதாக அவர்கள் நின்ற இடத்தில் இரும்புச் சிலுவை ஒன்று சாய்ந்து கிடந்தது. முட்செடி அதன் கழுத்து வரை ஏறியிருந்தது. ராவுல் காலால் செடியை விலக்கிப் பெயரைப் படித்தான்.

“அட, கெர்வெல்லா. எங்க தாத்தாவோட சாக்லேட்டையெல்லாம் பிடிச்ச ஆளு. தின்னே செத்திருப்பான்.”

“உங்க தாத்தா மட்டும் யோக்கியமா?” என்றான் மேயர்.

“யோக்கியம்தான் மேயரே. எல்லாருக்கும் ஒரே விலைக்குத்தான் வித்தாரு.”

மேயர் சிரித்துவிட்டுப் பலகையில் எழுதினான். “சொந்தக்காரங்க யாரும் இல்ல. அறிவிப்பு ஒட்டிடுவோம். மூணு வருஷம் கழிச்சு வந்து பாக்கணும். அப்பவும் இப்படியே கெடந்தா எலும்பை எடுத்துப் பொதுக்குழியில சேர்த்துடலாம். நடுவுல யாராச்சும் கவனிச்சிருந்தா பேரை அடிச்சிடணும். சட்டம் அப்படி. மதாம் ஒதெத், நீங்க ஏதாவது சொல்லணுமா?”

அவள் வாயைத் திறந்தாள்.

“அவங்க என்ன சொல்லப்போறாங்க?” என்றான் ராவுல். “அவங்கப்பாவை உள்ள தள்ளுன ஆளே இவன்தான். கூட ஒரு கையெழுத்து வேணும்னாலும் போடுவாங்க.”

மேயர் பேனாவை நீட்டினான். அவள் கையெழுத்துப் போட்டாள். போடும்போது அவள் உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு கூட இருந்தது.

புனித வாரம் அது. ஞாயிறன்று கோவிலில் இயேசுவின் பாடுகளை வாசித்தார்கள். பேதுரு நெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டே, அந்த மனிதரை எனக்குத் தெரியாது என்று சொல்கிற இடத்தில் ஒதெத் தலையைக் குனிந்துகொண்டாள். பேதுரு மூன்று தடவை சொன்னார். தான் இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டாள்.

மேயரிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தாள். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்தது. ஊர் கேட்டு நெகிழும். அந்த நெகிழ்ச்சி கெர்வெல்லாவைச் சுற்றிவந்து கடைசியில் அவள் மடியில்தான் விழும், எவ்வளவு நன்றியுள்ளவள் பார் என்று. அவர் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்று, யாரிடமும் சொல்லாதே என்பது. அதை இத்தனை வருடம் காப்பாற்றியிருக்கிறாள். நல்லதை ரகசியமாகச் செய்தவருக்கு அதே ரகசியத்தில்தான் திருப்பிச் செய்ய வேண்டும் என்று அவள் மனசுக்குப் பட்டது.

வியாழக்கிழமை பக்கத்து ஊரில் சந்தை. காலையில் கல்லறைத் தோட்டத்துக்கு யாரும் வருவதில்லை. அம்மா அப்பா கல்லறைக்கு என்று சொல்லி, தண்ணீர்க் குவளையும் வாளியுமாக ஒதெத் போனாள். முதல் வாரம் முட்செடியை அறுத்தாள். கையுறை கிழிந்து இரண்டு விரலில் ரத்தம் வந்தது. அடுத்த வாரம் தேய்ப்பானும் சோப்புத் தண்ணீரும் கொண்டுபோய்ப் பெயரைத் தேய்த்தாள். யான் கெர்வெல்லா. யான் என்ற பெயரை அன்றுதான் அறிந்தாள். சிலுவையை நிமிர்த்த அவளுக்குப் பலம் போதவில்லை. ஆற்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு கல்லாக வாளியில் எடுத்துவந்து அடியில் முட்டுக் கொடுத்தாள். வசந்தம் முடிவதற்குள் காட்டோரத்திலிருந்து மஞ்சள் பூச்செடிகளை வேரோடு கொண்டுவந்து நட்டாள். பிறகு வெறும் களை எடுப்பதும் தண்ணீர் விடுவதும்தான். மூன்று வருடமும் வியாழன் தவறவில்லை.

இரண்டாம் முறை பார்வையிட வந்தபோது மேயர் பதினோராவது இடத்தில் நின்று பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“யாரோ கவனிச்சிருக்காங்களே.”

“பிரித்தானியிலேர்ந்து சொந்தக்காரங்க வந்திருப்பாங்க,” என்றான் ராவுல். “நமக்கு வணக்கம் கூடச் சொல்லாம போயிருக்காங்க பாருங்க. அவரு சொந்தக்காரங்கதான், சந்தேகமே இல்ல.”

“பேரை அடிச்சிடவா, மதாம்?”

“அடிச்சிடுங்க,” என்றாள் ஒதெத்.

இனிமேல் அந்தக் கல்லறையை யாரும் தொட மாட்டார்கள். அவள் அங்கே போக வேண்டிய அவசியமும் இல்லை.

அடுத்த வியாழன் அவள் போனாள். பனிமூட்டம் கலைந்து ஏரியில் அக்கரை வரை வெயில் விழுந்திருந்தது. கீழே பாலத்தில் சுங்கக் கொட்டகை ஆளில்லாமல் கிடந்தது. கார்கள் நிற்காமல் அந்தக் கரைக்குப் போய்க்கொண்டிருந்தன. பூச்செடிகளுக்குத் தண்ணீர் விட்டாள். சிலுவையின் அடியிலிருந்த கல் ஒன்றைச் சரியாகத் தள்ளி வைத்தாள். முட்டிகளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கல்லறைக்கு முதுகு காட்டி ஏரியைப் பார்த்து நின்றாள்.

நூறு வரைக்கும் எண்ணினாள். மெதுவாகத்தான் எண்ணினாள்.