மூட்டை சேரட்டும்

1

இந்தக் கதை வழியில் கிடைத்தது. முதியோர் இல்லத்தில் இருக்கும் பெரியப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். மத்தியானம். பெரியப்பா தூங்கிக்கொண்டிருந்தார், அறை முழுக்கவே தூக்கத்தில் மிதந்தது. கூடத்துக் கோடியில் ஒரு நர்ஸ் போனைக் காதில் வைத்தபடி, ஒரு கிழவரின் காலைத் தடவிக்கொண்டு நின்றாள். மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை. நான் பார்த்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

'மழை ஓய்ந்த மதியத்தில், வெள்ளுடை தரித்த தேவதையாக அவள்—'

(வேண்டாம். தேவதைக்கு இடுப்பு வலிக்காது. இவளுக்கு வலிக்கிறது.)

அந்த இல்லத்து டாக்டர் வீட்டில் இருப்பார். போனில் கூப்பிட்டு உத்தரவு வாங்க வேண்டும். உத்தரவில்லாமல் யாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் வேலை போய்விடும். சின்ன விஷயத்துக்குக் கூப்பிட்டாலோ எரிந்து விழுவார். அதனால் ஒருவரின் மலச்சிக்கல், இன்னொருவரின் கண் எரிச்சல் என்று சேர்த்துவைத்து ஒரே தடவையாகக் கூப்பிடுவார்கள். நர்ஸ்கள் அதற்கு வைத்த பெயர் மூட்டை.

காலையில் அந்தக் கிழவரின், அதாவது கண்டக்டரின், காலுறையைக் கழற்றியபோது கணுக்காலில் பள்ளம் விழுந்திருந்தது. (வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பட்டப்பெயர் ஓய்வு பெறவில்லை.) வீக்கம்தானே, மூட்டை சேரட்டும் என்று இருந்துவிட்டாள். சேர்வதற்குள் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது.

"என்ன சிஸ்டர், பஸ்ல இவ்வளவு கூட்டம்? காத்தே வரல."

"எல்லாரும் இறங்கிட்டாங்க. நீங்க நிமிர்ந்து உக்காருங்க."

முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்து, ஆக்சிஜனை வைத்துவிட்டு, டாக்டரைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டாள்.

3

டாக்டர் ஏன் எடுக்கவில்லை? கெட்டவராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் நின்றுவிட்டு வந்து படுத்தவர். மணி அவர் கனவுக்குள் அடிக்கிறது. கனவிலேயே எழுந்துபோய் எடுத்து, "உடனே அனுப்புங்கம்மா" என்று அன்பாகச் சொல்லியும் விடுகிறார். கனவில் அவர் தங்கமான டாக்டர்.

4

முடிவு என் கையில்தானே? 'டாக்டர் விழித்துக்கொண்டு போனை எடுத்தார்' என்று எழுதினேன். என் கதையின் நர்ஸே நம்பவில்லை.

"அவரு எடுக்கமாட்டாரு சார். அவரை எனக்குத் தெரியும்."

அடித்துவிட்டு வேறு எழுதினேன். 'கண்டக்டர் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து, மெல்ல—'

கை வரவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது.

"நீங்க எழுதிட்டே இருங்க. நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன்."

"உத்தரவில்லாம அனுப்பினா வேலை போயிடும்மா. மேலே எழுதியிருக்கேனே."

"அப்ப அதை அழிச்சிடுங்க."

அழித்திருக்கலாம். ஆனால் அழித்தால் அவள் செய்தது ஒன்றுமில்லாமல் போய்விடும். அப்படியே விட்டுவிட்டேன்.

5

ஆம்புலன்ஸ் போய்விட்டது. டாக்டருக்கு அதை மெசேஜில் சொல்லிவிட்டு, காலிக் கட்டிலின் விரிப்பை அவள் நீவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"யாரைக் கேட்டு அனுப்புனீங்க?"

"யாரையும் கேக்கல டாக்டர். காலையிலயே உங்களைக் கூப்பிட்டிருக்கணும். திட்டுவீங்கன்னு பயந்துட்டேன். அது என் தப்பு. அனுப்பினது தப்பில்ல."

அடுத்த பேச்சு டாக்டருடையது. அதை எழுதும் யோக்கியதை எனக்கில்லை. என்னை நம்பி யாரும் போன் அடித்துக் காத்திருந்ததில்லை. வாசகரே, டாக்டரின் இடத்தில் நீங்கள் இப்போதுதான் கண்விழித்திருக்கிறீர்கள். போன் உங்கள் கையில் இருக்கிறது. அவள் இன்னும் வைக்கவில்லை.