ஒன்று முந்தி ஒன்று பிந்தி

கீழக்கரை தந்தி ஆபீசில் முனியசாமிக்கு ஒரு கர்வம் உண்டு. ஊரில் எந்தக் கடிகாரம் எப்படி ஓடினாலும், சரியான மணி அவர் கையில்தான் இருந்தது. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு மதராசிலிருந்து கம்பி வழியாக நேரத்துக்கான தட்டு வரும், கருவியில் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். அது விழுந்த நொடியில், எதிரே நிற்கும் அலியார் தன் கையிலிருக்கும் கப்பல் கடிகாரத்தைச் சரிசெய்து, பச்சைக் குழந்தையைத் தூக்குகிற பதனத்தோடு வீட்டுக்குக் கொண்டுபோவார்.

கடிகாரம் அவர் மனைவி சபியாவுடையது. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அலியார் கொழும்பிலிருந்து வாங்கி வந்த தொலைநோக்கியை மொட்டைமாடியில் நிறுத்தி, மூன்று வருஷமாக ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துவந்தாள் அந்தப் பெண். பார்வைக்கு ஒன்று; உண்மையில் இரண்டு. ஒன்றையொன்று சுற்றும்போது மறைக்கும், வெளிச்சம் மங்கும். மிகவும் மங்குகிற நேரத்தைக் குறித்து, வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவாள். முனியசாமி அவள் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும், "நம்ம நேரத்தை வச்சு அந்தம்மா வானத்தையே அளக்குது" என்று தன் மனைவி இராமலட்சுமியிடம் சொல்லாத நாள் கிடையாது. அவளும் எத்தனை நாளைக்குத்தான் கேட்பாள், பாவம்.

1958 சித்திரையில் ஆய்வுக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. அலியார் அதைத் தந்தி ஆபீசுக்கே கொண்டுவந்து படித்துக் காட்டினார். குறித்த நேரங்கள் கணக்கோடு ஒட்டவில்லையாம். ஆறு நிமிடம் வரை முன்னும் பின்னும் போகிறதாம். கடிகாரத்தின் மேல் சந்தேகமாம். நேரம் யார் கொடுக்கிறார்கள் என்றும் கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் வராவிட்டால் மூன்று வருஷ அளவுகளையும் தள்ளிவிடுவார்களாம்.

முனியசாமிக்குத் தன் தப்பு ஞாபகம் வந்தது. மாசியில் ஒருநாள் காய்ச்சலோடு மேசையில் தலைசாய்த்தவர், நாலு மணித் தட்டைக் கோட்டைவிட்டிருந்தார். அலியார் வந்து நிற்கவும், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஒரு நேரத்தைச் சொல்லி அனுப்பிவிட்டார். யாருக்குத் தெரியப்போகிறது என்று இருந்தார். ஒரு நாள் தப்புதான். ஆனால் நம்பமுடியாத கடிகாரம் என்று பேர் வாங்க ஒரு நாள் போதாதா?

வியாழக்கிழமை மத்தியானம் முனியசாமி அலியார் வீட்டுக்கே போனார். கோடை விடுமுறை என்பதால் டீச்சர் வீட்டில்தான் இருந்தாள். அலியார் நாற்காலி போட்டார், முனியசாமி உட்காரவில்லை. உள்வாசல் திரையைப் பார்த்து நின்றபடியே சொன்னார்.

"டீச்சரம்மா, தப்பு எம்மேலதான். மாசியில ஒருநா தட்டு வந்தப்ப தூங்கிப்போயிட்டேன். சொவத்துக் கடியாரத்தைப் பாத்துத்தான் மணி சொன்னேன். எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போட்டுத் தாரேன். வேலை போனாப் போகுது."

திரைக்குப் பின்னால் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"பிப்ரவரி இருபத்துமூணு. ரெண்டு நிமிஷம் பத்து நொடி பிந்தியிருந்துச்சு" என்றாள் சபியா. "எனக்கு அன்னைக்கே தெரியும்ண்ணே."

"எப்பிடிம்மா?"

"மாடியில ஒரே எடத்துல உக்காந்து பாத்தா, வேற ஒரு வெள்ளி, நட்சத்திரந்தான், பள்ளிவாசல் மினாராவுக்குப் பின்னால போய் மறையும். தெனமும் நாலு நிமிஷம் முந்தி மறையும். அது தூங்காதுல்ல? அதை வச்சுத் திருத்தி எழுதிக்கிட்டேன்."

அலியார் சிரித்துவிட்டார். பத்தொன்பது வருஷ வேலையில் எந்த மேலதிகாரியும் பிடிக்காத குற்றத்தை மொட்டைமாடியில் உட்கார்ந்தே பிடித்துவிட்டாளே என்று முனியசாமிக்கு வெட்கம் ஒரு பக்கம், கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது ஒரு பக்கம்.

"அப்ப அந்த ஆறு நிமிஷம்?"

"ஒரு சுத்துக்கு ரெண்டு மறைப்பு, இது அதை மறைக்கும், அப்பறம் அது இதை மறைக்கும். ஒரே ராத்திரியில ரெண்டையும் பாத்திருக்கேன். ராத்திரி இஷா தொழுகைக்கு அப்பறம் ஒண்ணு, விடியக்காலை பஜ்ரு பாங்குக்கு முந்தி ஒண்ணு. ஒண்ணு முந்தி வருது, அடுத்தது பிந்தி வருது. கடிகாரம் தப்புன்னா ரெண்டும் ஒரே பக்கந்தானே சாயணும்?"

"அப்ப எதனாலம்மா அப்பிடி?" என்று கேட்டார் முனியசாமி.

"அரிக்கேன் வெளக்குக் கண்ணாடியில ஒரு பக்கம் கரி புடிச்சிருக்குன்னு வச்சுக்கங்க. முன்னால ஒருத்தர் மெதுவா நடந்து போறாரு. எப்ப ரொம்ப இருட்டும்? நட்டநடுவுல வாரப்ப இல்ல, கரியில்லாத பக்கத்தை மறைக்கிறப்ப. சூரியன் மூஞ்சியிலயே கறுப்புப் புள்ளி இருக்கு. நான் அளக்குற வெள்ளிக்குப் பெருசா இருக்கும்னு நெனைக்கிறேன். அரைச்சுத்து வந்ததும் கரி அந்தப் பக்கம் போயிருது. அதான் ஒண்ணு முந்துது, ஒண்ணு பிந்துது."

திரையோரம் ஒரு கை நீண்டு தந்தித் தாளைக் கொடுத்தது. ஆங்கிலத்தில் இருந்ததை முனியசாமி மனசுக்குள் தமிழாக்கிப் படித்தார்: 'கடிகாரம் சரி. ஒரே இரவில் ஒரு மறைப்பு முந்தி, மற்றது பிந்தி. நட்சத்திரத்தின் முகத்தில் கறை இருக்கலாம். நேரம் தருபவர் முனியசாமி. நம்பத்தக்கவர்.'

"கடைசி வரி வேணாம்மா. எல்லாந் தெரிஞ்சுமா எழுதுறீங்க?"

"தெரிஞ்சதுனாலதான் எழுதுறேன். மூணு வருஷத்துல ஒரே ஒரு நா. அதையும் நீங்களே வந்து சொல்லிட்டீங்க."

ஆபீசுக்கு வந்து கருவியின் முன் உட்கார்ந்தார். கடைசி வரியில் கை நின்றது. அதை விட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் கொடுத்த தந்தியில் ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ தந்திக்காரனுக்கு அதிகாரமில்லை. கண் கலங்கக் கலங்க, ஓர் எழுத்துப் பிசகாமல் அடித்தார், 'நம்பத்தக்கவர்' உட்பட.

மறுநாள் மத்தியானம் பதில் கம்பியில் வந்தது. 'அளவுகளைச் சேர்த்துக்கொண்டோம். தொடர்ந்து பாருங்கள். அதே கடிகாரத்தில்.'

அன்று அலியார் வழக்கம்போல நாலு மணிக்குக் கடிகாரத்தோடு வந்தார். முனியசாமி மூன்றரைக்கே முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்.