கழுவிய தோல், கழுவாத தோல்

அவர் அந்த வீட்டில் கடைசியாகச் செய்தது, உலைக் கதவை முழங்காலால் முட்டியதுதான். அப்படி ஒரு முட்டு முட்டினால்தான் அது பூட்டும். மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து வாங்கிய பழைய மின்சார உலை. வரும்போதே கீல் சாய்ந்துதான் வந்தது. முட்டிவிட்டு, கையில் இருந்த கரியைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, "இதைத் திறக்கும்போது உன் மூஞ்சி போற போக்கைப் பார்க்கணும்" என்றார். கண்ணாடியைத் துடைச்சுட்டு வாங்க, அப்பதான் நல்லாத் தெரியும் என்றாள் மனைவி. சிரித்துக்கொண்டே வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

பழச்சாறுக் கடையின் பின்வாசலில் பழத்தோல் மூட்டையைத் தூக்கி வண்டியில் வைத்தவர், அதன் மேலேயே சாய்ந்துவிட்டார். தூங்குகிறார் என்று நினைத்துக் கடைக்காரர் கொஞ்ச நேரம் எழுப்பவே இல்லையாம்.

உலைக்குள் இருந்தது அவர்களுடைய சண்டை. கல்லூரியில் ஒரே வகுப்பில் வேதியியல் படித்து, ஒரே புத்தகத்திலிருந்து இரண்டு விதமான முடிவுக்கு வந்த ஜோடி அது. அன்னாசித் தோலையும் ஆரஞ்சுத் தோலையும் காயவைத்து, காற்றுப் புகாத இரும்புப் பெட்டியில் அடைத்து, உலையில் வைத்துச் சுடுவார்கள். தோல் கரியாகும். அந்தக் கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் கணக்கில்லாமல் இருக்கும். மின்சாரத்தைச் சேமிக்கும் மின்தேக்கிக்குள் அந்தக் கரியைப் பூசினால், மின்னூட்டம் துளைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். துளை கூடினால் இடமும் கூடும். ஊருக்கு வெளியே மின்தேக்கி செய்யும் தொழிற்சாலை ஒன்று அவர்களுடைய கரியை இரண்டு முறை சோதித்துவிட்டு, மின்னூட்டத்தை இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது.

அங்கேதான் தகராறு. தோலைக் கழுவிவிட்டுத்தான் சுட வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். அழுக்கோடும் உப்போடும் சுட்டால் வருவது கரியா குப்பையா என்பார். தோலில் இருக்கிற அந்த உப்புதான் சூட்டில் கரியைக் குடைந்து துளை போடுகிறது, கழுவுவதைச் சுட்ட பிறகு கழுவிக்கொள்ளலாம் என்பது அவள் கட்சி. சாப்பிடும்போது இதே பேச்சு, பல் தேய்க்கும்போது இதே பேச்சு. கடைசியில் ஒரே உலையில் இரண்டு பெட்டி வைப்பதென்று முடிவாயிற்று. கழுவியது அவருடையது, கழுவாதது அவளுடையது. அவள் பெட்டியின் கைப்பிடியில் அடையாளத்துக்கு ஒரு கம்பி. தோற்றவர் வாழ்நாள் முழுக்க மூட்டை தூக்க வேண்டும்.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது உலை தகதகவென்று இருந்தது. வந்தவர்களுக்கு உட்கார இடம் போதவில்லை. கொழுந்தன் உலை இருந்த கொட்டகையை ஒழிக்கப் போனான். இத்தனை பேர் நடமாடும் இடத்தில் இவ்வளவு சூடு ஆபத்து என்று, நல்லெண்ணத்தோடுதான், பெட்டிகளை வெளியே இழுத்துப்போட உலைக் கதவில் கை வைத்தான். வராந்தாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கதவுச் சத்தம் கேட்டு எழுந்து ஓடினாள்.

அழாமல் ஓடிய பெண்ணைக் கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. அவள் உலைக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு எல்லாம் சாம்பலாகிவிடும், ஆறும்வரைக்கும் யாரும் தொடக் கூடாது என்றாள். நாத்தனார் வந்து நின்றார். தலையில் அடித்துக்கொண்டார்.

"என் தம்பி அங்க கிடக்கான். உனக்கு இந்த அடுப்பு பெருசாப் போச்சா?"

"ஆமா, பெருசுதான். அதுக்குள்ள இருக்கிறதும் அவர் வச்சதுதான்."

அதற்குப் பிறகு அவளைப் பற்றி என்னென்ன பேசினார்கள் என்பதைச் சொல்லாமலே ஊகிக்கலாம். கல் நெஞ்சுக்காரி என்றார்கள். படிப்பு தலைக்கேறிவிட்டது என்றார்கள். எதையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவரிடம் போய் உட்காருவாள், உலையிடம் வந்து உட்காருவாள். அவரை எடுத்துப் போனார்கள். கூட்டம் கலைந்தது. உலை முழுக்க ஆறியபின் தன் கையாலேயே திறந்தாள். இரண்டு பெட்டியிலும் கரி முழுசாக இருந்தது. தொட்டால் பொடியும் தோல் சுருள்கள், கன்னங்கரேலென்று.

பார்த்ததும் தெரிந்துவிடும் என்றிருந்தாள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. அப்போதுதான் முதல் தடவையாக உட்கார்ந்து அழுதாள்.

அரைத்து, கழுவி, காயவைத்து, இரண்டு பொட்டலமாகத் தொழிற்சாலைக்கு எடுத்துப்போனாள். வண்டி ஓட்டியது கொழுந்தன். அவர் ஜெயித்திருந்தால் தேவலை என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தாள். அவர் தோற்று அவள் கண்டதென்ன? பழித்துக்காட்ட முகமும் இல்லை, மூட்டை தூக்க ஆளும் இல்லை.

சோதனை செய்யும் பொறியாளர் சின்ன வயசுப் பெண். இவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். இப்ப என்ன மேடம் அவசரம், கொஞ்ச நாள் போகட்டுமே என்றாள். இவள் பொட்டலங்களை மேசையில் வைத்தாள். எது யாருடையது என்று சொல்லவில்லை. ஒன்றில் மட்டும் கம்பி சுற்றியிருந்தது.

"எனக்காக ஒரு புள்ளி கூட்ட வேண்டாம். அவருக்காகவும் கூட்ட வேண்டாம்."

கரியைப் பசையாக்கி, மெல்லிய உலோகத் தகட்டில் பூசி, மின்தேக்கியாக்கி, ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கிப் பார்த்து முடிக்கச் சில நாளானது. முடிவைக் கேட்க மறுபடியும் அவளும் கொழுந்தனும் போனார்கள். பொறியாளருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கம்பி சுற்றியது பிரமாதமாக வந்திருக்கிறதாம். மற்றதைவிட ஒன்றரை மடங்கு பிடிக்கிறதாம். இந்த முறையிலேயே செய்து தந்தால் தொழிற்சாலை எடுத்துக்கொள்ளுமாம்.

அவள் வாய் திறப்பதற்குள் கொழுந்தன் முந்திக்கொண்டான். "அது எங்க அண்ணன் பெட்டி" என்றான். சொல்லும்போதே அவன் கண் கலங்கிவிட்டது.

பொறியாளருக்கும் கலங்கியது. அப்படியானால் இந்த முறைக்கு அவர் பெயரையே வைத்துவிடலாம், கரி வரும் பையிலும் அச்சடிக்கலாம் என்றாள். அறையில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். தலையை ஆட்டினால் போதும். எல்லோருக்கும் மனசு நிறைந்துவிடும்.

"இல்ல. அது என்னோடது. அவர் பெட்டி தோத்துடுச்சு" என்றாள்.

கொழுந்தன் அவளை வெளியே தாழ்வாரத்துக்கு அழைத்துப்போனான். "போனவருக்கு இதைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டீங்களா, அண்ணி? யார் வந்து கேக்கப் போறாங்க?"

"உங்க அண்ணன் இருந்தப்பவே நான் விட்டுக்கொடுத்ததில்ல. விட்டுக்கொடுத்தா அவருக்குப் பிடிக்காது, கோபம் வரும். செத்துட்டார்ங்கிறதுக்காக அவர் சொன்னதெல்லாம் சரின்னு ஆக்கிட்டீங்கன்னா, நான் யார்கூட குடும்பம் நடத்தினேன்? எல்லாரும் சேர்ந்து அவரை ஒரு தடவை தூக்கிட்டுப் போனது போதும்."

அவன் மூக்கை உறிஞ்சினான். அண்ணன் சின்ன வயசில் பல்லாங்குழியில் தோற்றால் பலகையையே கவிழ்த்துவிடுவார் என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாழ்வாரத்தில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பையில் யார் பெயரும் வேண்டாம், கழுவாத தோல் என்று மட்டும் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். செய்தி நாத்தனாருக்குப் போக வெகுநேரம் ஆகவில்லை. தொலைபேசியில் பிடிபிடியென்று பிடித்தார். புருஷன் தோத்தான்னு ஊருக்குச் சொல்ற பொம்பளையை இப்பதான் பார்க்கிறேன் என்றார். நல்லாப் பார்த்துக்குங்க என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பழச்சாறுக் கடையிலிருந்து கொழுந்தனே மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்தான். தோல்களைக் காயப்போடப் பிரிக்கும்போது, அவள் ஒரு மூட்டையை மட்டும் தனியாக எடுத்துத் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அவன் விழித்தான். கழுவினால் தேறாது என்றுதானே இவ்வளவு ரகளையும் என்றான்.

"ஒரு தடவை பார்த்துட்டு முடிவு கட்டாதேன்னுதான் சொல்லுவார். உப்பு சரியாப் போகலை, தண்ணி போதலைன்னு ஆயிரம் சாக்கு வச்சிருப்பார். இன்னொரு தடவையும் தோக்கட்டும்."

அவர் கழுவுவது போலவே மூன்று தண்ணீர் மாற்றினாள். அவர் பிழிவது போலவே துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்தாள். எல்லாம் காய்ந்ததும் இரண்டு பெட்டியும் உலைக்குள் போயின. ஒன்றில் கம்பி, ஒன்றில் இல்லை. கொழுந்தன் கதவைச் சாத்தினான். கையால் அழுத்தினான், தோளால் தள்ளினான். ஆளை வரவழைத்துக் கீலை மாற்றிவிடலாம் என்றான். வேண்டாம் என்று அவனை விலக்கிவிட்டு அவள் புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

அந்தக் கதவு இன்னமும் முழங்காலால் ஒரு முட்டு முட்டினால்தான் பூட்டுகிறது.